இளங்கலையிலேயே உயிரியல் ஆய்வு: எங்கே தொடங்குவது, எதை எதிர்பார்ப்பது?

இளங்கலை இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். பட்டம் கூட வாங்காதவர் செய்யும் ஆய்வுக்கு உண்மையில் மதிப்பு உண்டா? எந்த ஆய்வகத்தில், எப்படிச் சேர்வது? கடைசியில் கட்டுரை எதுவும் வெளிவராவிட்டால் செலவழித்த காலமெல்லாம் வீணா? வருடாவருடம் யாராவது ஒருவர் இதையே கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு ஒரு பாக்டீரியாவின் வரலாறே பதில் சொல்லும். 1960களின் நடுவில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் உயிர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளங்கலை மாணவர் வேலைக்குச் சேர்ந்தார். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஊற்றுகளிலிருந்து கொண்டுவந்த மாதிரிகளை வைத்துக்கொண்டு, சுமார் 70 டிகிரி செல்சியஸில் செழித்து வளரும் ஒரு பாக்டீரியாவை ஃப்ரீஸ் பிரித்தெடுத்து வளர்த்தார். அந்தச் சூட்டில் எதுவும் உயிரோடு இருக்காது என்றுதான் அன்று பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். 1969இல் இருவரும் சேர்ந்து அதை விவரித்து, தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். 1976இல் வேறொரு குழு, டிஎன்ஏவை நகலெடுக்கும் அதன் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தூய்மைப்படுத்தியது. 1983இல் கேரி முல்லிஸ், டிஎன்ஏவின் ஒரு துண்டைச் சுற்றுச் சுற்றாக நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கண்டறிந்தார். ஆனால் அதில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவின் இரு இழைகளைப் பிரிக்க 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் அப்போது பயன்படுத்திய நொதி செயலிழந்துவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதி ஊற்ற வேண்டும். வெந்நீர் ஊற்றில் வாழ்ந்த பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டைத் தாங்கியது. இன்று ஆய்வகங்களில் "டாக்" என்று நாள்தோறும் சொல்கிறோமே, அது தெர்மஸ் அக்வாட்டிகஸின் சுருக்கம்தான்.

நீங்களும் இப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் செய்த இன்னொரு காரியத்தைக் கவனியுங்கள். வளர்த்த பாக்டீரியாவைத் தங்கள் ஆய்வகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அமெரிக்கன் டைப் கல்ச்சர் கலெக்‌ஷன் என்ற பொதுச் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைத்தார்கள். எப்படி வளர்ப்பது என்பது அவர்களுடைய கட்டுரையில் இருந்தது. அதனால்தான் பல வருடங்கள் கழித்து, அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் அதை வாங்கி வளர்த்து நொதியை எடுக்க முடிந்தது. இளங்கலை ஆய்வில் நீங்கள் குறிவைக்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அளவில் சிறிதாக இருக்கலாம்; ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் நம்பி எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். கேள்வியைத் தேர்ந்தெடுப்பது முதல் கடைசி நாளில் உங்கள் மாதிரிகள் இருக்கும் பெட்டியை ஒப்படைப்பது வரை நான் கீழே சொல்லும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். முதலில் கையிலிருக்கும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். வகுப்பு, செய்முறை, தேர்வு எல்லாம் போக வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் அதுவே அதிகம். 15 வாரப் பருவம் ஒன்றில் மொத்தம் 150 மணி நேரம். அதில் முதல் நான்கைந்து வாரம் கை பழகவே போய்விடும். மிகச் சிறு அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோ பைப்பெட்டில் 2 மைக்ரோலிட்டரைச் சரியாக எடுக்கவும், நுண்ணுயிர் வளர்க்கும் ஊட்டமான மீடியாவைத் தொற்று இல்லாமல் ஊற்றவும், கருவிகளின் குணம் புரியவும் அவ்வளவு நாள் பிடிக்கும். மிச்சம் சுமார் 100 மணி நேரம்தான்.

அடுத்து, நீங்கள் வேலை செய்யப்போகும் உயிரினத்தின் கடிகாரத்தைப் பாருங்கள். ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். இன்று மாலை தட்டில் பரப்பினால் நாளைக் காலை காலனிகளை, அதாவது பெருகித் திரண்ட பாக்டீரியாப் புள்ளிகளை, எண்ணிவிடலாம். சி. எலிகன்ஸ் என்ற மெல்லிய உருளைப்புழு முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்தை எட்ட 20 டிகிரியில் மூன்றரை நாள் போதும். பழ ஈக்கு 25 டிகிரியில் ஒரு தலைமுறை சுமார் 10 நாள். தாவர ஆய்வாளர்கள் விரும்பிப் பயன்படுத்தும் அரபிடாப்சிஸ் செடி விதையிலிருந்து விதைக்கு வர 6 முதல் 8 வாரம் எடுக்கும். ஜீப்ரா மீன் முதிர்ச்சியடைய மூன்று மாதம் ஆகும். சுண்டெலிக்குக் கர்ப்ப காலமே மூன்று வாரம். பிறந்த குட்டி அடுத்த தலைமுறையை ஈனத் தயாராக மேலும் 6 முதல் 8 வாரம். இந்த எண்களை 15 வாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இந்தச் சோதனை சொதப்பினால், மறுபடி முதலிலிருந்து தொடங்க எத்தனை நாள் ஆகும்?" உங்கள் திட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. இரண்டு நாள் என்றால் துணிந்து இறங்கலாம். இரண்டு மாதம் என்றால் முதல் முறை தவறவே கூடாது. புதியவருக்கு அது நியாயமான நிபந்தனை இல்லை. எலி ஆய்வகத்தில் சேரக்கூடாது என்று சொல்லவில்லை. அங்கே போனால், ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் திசுத் துண்டுகளையோ பதிவு செய்த வீடியோக்களையோ அளக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வியின் அகலமும் முக்கியம். "பாக்டீரியாவில் மருந்து எதிர்ப்பு எப்படி உருவாகிறது?" என்பது ஒரு துறைக்கான கேள்வி. "இந்த ஒரு இனம், இந்த ஒரு மருந்தின் மூன்று அளவுகளில், 30 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வளரும் வேகம் மாறுகிறதா?" என்பது ஒரு மாணவருக்கான கேள்வி. "ஆம்" என்றாலும் "இல்லை" என்றாலும் எழுதி வைக்கத்தக்க பதில் கிடைப்பது இதில் இருக்கும் நல்ல குணம். "ஆம்" என்று வந்தால் மட்டுமே பயன்படும் கேள்வி ஆபத்தானது. கேட்பவரின் ஆசை அளவீட்டுக்குள் புகுந்துவிடும்.

இனி ஆய்வகத்தைத் தேடுவது. பெரிய பெயர், பெரிய கட்டடம் இவற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தினமும் உங்கள் பக்கத்தில் நிற்கப்போவது பேராசிரியர் அல்ல. ஒரு பிஎச்டி மாணவரோ, முனைவர் பட்டம் முடித்து அங்கே பணிபுரிபவரோதான். அவர் பொறுமையாகச் சொல்லித் தருபவரா என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் அடுத்த ஒரு வருடம் அமையும். அதனால் சேர்வதற்கு முன்பே, "எனக்கு யார் வேலை கற்றுத் தருவார்கள்? அவரை ஒருமுறை பார்த்துப் பேசலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். முன்பு அங்கே இருந்த இளங்கலை மாணவர்கள் என்ன செய்தார்கள் என்றும் விசாரியுங்கள். எல்லோரும் முழு வருடமும் கண்ணாடிப் பாத்திரம் மட்டுமே கழுவினார்கள் என்றால் யோசிக்க வேண்டிய இடம் அது. தொடக்கத்தில் பாத்திரம் கழுவுவதிலோ மீடியா காய்ச்சுவதிலோ தவறே இல்லை. மரபியலில் பெரும்பெயர் பெற்ற கால்வின் பிரிட்ஜஸ், கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வகத்தில் ஈ வளர்க்கும் பாட்டில்களைக் கழுவும் வேலைக்குத்தான் சேர்ந்தார். கழுவ வந்த பாட்டிலுக்குள் கண் நிறம் மாறிய ஒரு ஈ இருப்பதை வெறுங்கண்ணாலேயே பார்த்துச் சொன்னார். அதைக் காது கொடுத்துக் கேட்க அங்கே ஆள் இருந்தது. நீங்களும் அப்படிப்பட்ட இடத்தைத் தேடுங்கள்.

மின்னஞ்சல் எழுதுவது பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஐந்தாறு வரி போதும். நீங்கள் யார், அவருடைய கட்டுரை ஒன்றில் எந்தக் குறிப்பிட்ட விஷயம் உங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது, வாரத்தில் எந்தெந்த நேரம் வர முடியும், எவ்வளவு காலம் இருக்க முடியும், நேரில் 15 நிமிடம் பேச முடியுமா. இவ்வளவுதான். "தங்கள் துறையின் அனைத்துப் பகுதிகளிலும் மிகுந்த ஆர்வம்" என்று எழுதும் கடிதம் யாருக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பதில் வரவில்லை என்றால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். அது கன்ட்ரோல்: சோதனையின் முடிவை நம்பலாமா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வைக்கும் மாதிரி.

என்னோடு வேலை பார்த்த ஒரு மாணவி, மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களை அடையாளம் காண 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் பிசிஆர் மூலம் பெருக்கிக்கொண்டிருந்தார். எல்லா பாக்டீரியாக்களிடமும் இருக்கும் மரபணு அது. பெருகிய டிஎன்ஏவை ஜெல் என்ற கூழ்ப் பலகையில் ஓட்டினால், சுமார் 1500 எழுத்து நீளத்துக்குரிய இடத்தில் பேண்டு என்ற ஒரு கோடு வரவேண்டும். ஒருநாள் மாலை மகிழ்ச்சியோடு ஜெல்லின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். ஏழு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசையாக ஏழு லேன், ஏழிலும் ஒரே உயரத்தில் பளிச்சென்று பேண்டு. "தண்ணீர் வைத்த லேன் எங்கே?" என்று கேட்டேன். டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் சேர்த்து ஓட்டும் குழாய் அது. அதில் எதுவும் வரக்கூடாது. படத்தை ஓரம் வெட்டியிருந்ததாகச் சொல்லி, முழுப் படத்தையும் திறந்தார். எட்டாவது லேனிலும் அதே உயரத்தில், சற்று மங்கலாக, அதே பேண்டு.

அந்த ஒரு மங்கலான கோடு மற்ற ஏழையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது. அவற்றிலும் ஒரு பகுதி எங்கிருந்தோ வந்த டிஎன்ஏவாக இருக்கலாம் அல்லவா? அடுத்த மூன்று வாரம் அவர் செய்த வேலையை நான் இன்றும் மதிப்போடு நினைக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றினார். புதிதாகத் திறந்த தண்ணீர்: பேண்டு போகவில்லை. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான ப்ரைமர், புதிதாகக் கரைத்தது: போகவில்லை. வடிகட்டி உள்ள டிப்புகள், வேறு அறையில் இருந்த பைப்பெட்: கொஞ்சம் மங்கியது, போகவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது நொதி மட்டும். வணிக ரீதியில் விற்கும் டாக் நொதி பெரும்பாலும் ஈ.கோலைக்குள் அந்த மரபணுவைச் செருகி உற்பத்தி செய்யப்படுவது; தூய்மைப்படுத்திய பிறகும் ஈ.கோலையின் டிஎன்ஏ துளியளவு ஒட்டிக்கொண்டிருக்கலாம். எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான மரபணுவைப் பெருக்கும்போது அந்தத் துளியும் சேர்ந்து பெருகும். தண்ணீர்க் குழாயின் பேண்டில் இருந்த டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்துப் பார்த்தார், ஈ.கோலைதான்.

அவர் 40 சுற்று ஓட்டிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். ஒரு மூலக்கூறு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால் 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டும். 40 சுற்றில் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். சுற்றை 28ஆகக் குறைத்தார். மாதிரிகளில் பேண்டு நன்றாகவே வந்தது; தண்ணீர் லேன் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் தந்த ஏழு பெயர்களையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். மூன்று வாரம் "எதுவும் நடக்கவில்லை" என்று அவர் வருத்தப்பட்டார். என்னைக் கேட்டால் அந்த மூன்று வாரத்தில்தான் அவர் ஆராய்ச்சியாளர் ஆனார்.

எந்தச் சோதனைக்கும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் வரக்கூடாத இடம் எது? கண்டிப்பாக வந்தே ஆகவேண்டிய இடம் எது? முன்னது எதிர்மறைக் கன்ட்ரோல், பின்னது நேர்மறைக் கன்ட்ரோல். நேர்மறைக் கன்ட்ரோல் இல்லாமல் "பேண்டு வரவில்லை" என்றால், மரபணு இல்லையா, சோதனையே நடக்கவில்லையா என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

எண்ணிக்கையிலும் ஒரு பெரிய பொறி இருக்கிறது. உப்பு நீர் நாற்றுகளைப் பாதிக்கிறதா என்று பார்க்க ஒருவர் இரண்டு தட்டு வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு உப்பு நீர், இன்னொன்றுக்குச் சாதாரண நீர். ஒவ்வொன்றிலும் 40 நாற்று. எல்லாவற்றையும் அளந்து, மாதிரி எண்ணிக்கை 40 என்று எழுதுகிறார். ஆனால் உப்பு நீர்த் தட்டு ஜன்னலை விட்டுத் தள்ளி இருந்திருந்தால்? ஒரு தட்டில் இருக்கும் 40 நாற்றும் ஒரே வெளிச்சம், ஒரே ஈரம், ஒரே கவனிப்பைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. உப்பைக் கொடுத்தது ஒரு தட்டுக்குத்தான். அதனால் மாதிரி எண்ணிக்கை 1. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இதற்கு "சூடோ ரெப்ளிகேஷன்" (போலி மறுசோதனை) என்று பெயர் வைத்து, வெளியான கட்டுரைகளிலேயே இந்தத் தவறு எவ்வளவு மலிந்திருக்கிறது என்று காட்டினார். இன்றும் இது ஓயவில்லை. ஒரே வளர்ப்புத் தட்டில் 50 செல்லை அளந்துவிட்டு 50 என்று எழுதுவதும், ஒரே எலியின் மூளையில் 30 நியூரானை அளந்துவிட்டு 30 என்று எழுதுவதும் இதே தவறுதான். பெரிய தட்டு இரண்டுக்குப் பதில் சிறிய தட்டு பன்னிரண்டு வைத்து, எதற்கு உப்பு, எந்த இடத்தில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வேலை கொஞ்சம் கூடும். ஆனால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

இன்னொன்று, எண்ணும்போது எது எந்தத் தட்டு என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. தோழி ஒருவரிடம் கொடுத்து, பெயர்களை மறைத்துக் குறியீட்டு எண் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காலனியை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்ற இடத்தில் நம் ஆசை நமக்கே தெரியாமல் கையை நகர்த்தும். நேர்மையான மனிதர்களுக்கும் இது நடக்கும், அதனால்தான் குறியீடு. காலனி எண்ணும்போது 30க்குக் கீழும் 300க்கு மேலும் இருக்கும் தட்டுகளை நம்பாமல், மாதிரியை வெவ்வேறு அளவில் நீர்க்கச் செய்து பரப்பிய தட்டுகளில் அந்த வரம்புக்குள் விழுவதை எடுத்துக்கொள்வது நுண்ணுயிரியலில் பழைய வழக்கம்.

ஆய்வகமே கிடைக்காதவர்கள் என்ன செய்வது? மார்கனின் ஆய்வகத்துக்கே திரும்பவும் போகவேண்டும். 1911இல் ஆல்ஃபிரட் ஸ்டர்டவன்ட் என்ற இளங்கலை மாணவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். ஒரே குரோமோசோமில் இருக்கும் பண்புகள் பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படுகின்றன, ஆனால் சில ஜோடிகள் அடிக்கடி பிரிகின்றன, சில அபூர்வமாகப் பிரிகின்றன என்பது அப்போது தெரிந்திருந்தது. மார்கனோடு பேசிக்கொண்டிருந்தபோது, பிரியும் விகிதம் குரோமோசோமில் மரபணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தின் அளவாக இருக்கலாமே என்று ஸ்டர்டவன்ட்டுக்குத் தோன்றியது. தூரத்தில் இருப்பவை அதிகம் பிரியும், பக்கத்தில் இருப்பவை குறைவாகப் பிரியும். ஆய்வகத்தில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கலப்புக் கணக்குகளை வீட்டுக்கு எடுத்துப் போனார். வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரவு வெகுநேரம் உட்கார்ந்து, மரபணுக்களை ஒரே கோட்டில் வரிசைப்படுத்தினார். மஞ்சள் உடலுக்கான மரபணுவைத் தொடக்கப் புள்ளியில் வைத்தால் வெள்ளைக் கண்ணுக்கானது 1.0இல், வெர்மிலியன் என்ற பளிச்சிடும் சிவப்புக் கண்ணுக்கானது 30.7இல் என்று அமைந்தது. 1913இல் வெளியான அந்த வரைபடம் உலகின் முதல் மரபணு வரைபடம். அந்த இரவில் அவர் ஒரு ஈயைக் கூடத் தொடவில்லை. பிறர் கவனமாக எண்ணி எழுதி வைத்த கணக்குகளின் மேல் புதிதாக ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

இன்று அப்படிப்பட்ட கணக்குகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன, பெரும்பாலும் இலவசம். புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமிக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இலிருந்து இருக்கிறது. மரபணு வரிசைகளுக்கு ஜென்பேங்க், மரபணுச் செயல்பாட்டு அளவீடுகளுக்கு ஜீன் எக்ஸ்பிரஷன் ஆம்னிபஸ், பறவைப் பதிவுகளுக்கு ஈபேர்ட். ஒரு கணினியும், ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழியில் கொஞ்சம் பழக்கமும் இருந்தால் நேர்மையான ஆய்வு செய்யலாம். 2015இல் பழ ஈயின் சிறிய நான்காவது குரோமோசோம் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை எழுதியவர்கள் ஆயிரம் பேருக்கு மேல்; அவர்களில் 900க்கும் அதிகமானோர் இளங்கலை மாணவர்கள். பல கல்லூரிகளில் பாடத்தின் ஒரு பகுதியாக, ஒவ்வொருவரும் குரோமோசோமின் ஒரு சிறு துண்டை எடுத்து, மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் சரிபார்த்தார்கள். ஒரே துண்டை ஒருவருக்கு மேற்பட்டோர் தனித்தனியாகச் சரிபார்த்து, பிறகு ஒப்பிட்டார்கள். பொதுத் தரவை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்த எண்கள் எப்படி அளக்கப்பட்டன என்று மூலக் கட்டுரையின் செய்முறைப் பகுதியைப் படிக்காமல் ஒரு வரைபடம் கூடப் போடாதீர்கள்.

நெறிமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; அதற்காக அவை சிறியவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகெலும்புள்ள விலங்குகள், மனிதர்களின் மாதிரிகள், அவர்களைக் கேட்டு நிரப்பும் கேள்வித்தாள்கள் எதற்கும் முன் அனுமதி வேண்டும்; அனுமதி வரும் முன் எடுத்த தரவைப் பயன்படுத்த முடியாது. பிசகிய அளவீட்டை நீக்க வேண்டுமானால், எந்தக் காரணத்துக்காக நீக்கலாம் என்பதை முடிவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நோட்டில் எழுதியதை அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்தி, தேதி இடுங்கள். பென்சில் வேண்டாம். சோதனை தோல்வியடைந்த நாளைத்தான் மிக விரிவாக எழுத வேண்டும். வெற்றி பெற்ற நாள் எப்படியும் நினைவில் நிற்கும்.

கடைசிக் கேள்வி: கட்டுரை வெளிவராவிட்டால் வீணா? இல்லை. ஓர் உயிரியல் கட்டுரை தொடங்கி வெளிவர இரண்டு, மூன்று வருடம் ஆவது சாதாரணம். உங்கள் பட்டப்படிப்பு அதற்குள் முடிந்துவிடும். உங்கள் வேலை பின்னால் வேறொருவரின் கட்டுரையில் ஒரு படமாக வரலாம். அப்போது உங்கள் பெயர் எழுதியவர் பட்டியலில் வருமா, நன்றிக் குறிப்பில் வருமா என்பதைச் சேரும்போதே மரியாதையாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கேட்பதில் அத்துமீறல் எதுவும் இல்லை. நல்ல வழிகாட்டி அதைத் தானே முன்வந்து சொல்வார். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிட்டுத் தரும் இதழ்களிடம் போகாதீர்கள். உண்மையாக உழைத்துச் செய்த ஒரு நல்ல சிறு ஆய்வு அங்கே போனால், அதைச் சந்தேகத்தோடுதான் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பதில் துறைக் கருத்தரங்கில் ஒரு போஸ்டர் ஒட்டி, இரண்டு மணி நேரம் அதன் முன் நின்று, வருகிறவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். எங்கே தெரியும், எங்கே தெரியாது என்பது உங்களுக்கே வெளிச்சமாகும்.

வெளிவராத வேலைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் "மடி" (Muddy) என்ற ஃபேஜின் கதையைச் சொல்வேன். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். 2010இல் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் நடந்த ஃபேஜ் தேடும் பயிற்சியில், ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அதற்கு என்ன பயன் என்று அப்போது தெரியாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஹாட்ஃபுல் வைத்திருந்த ஃபேஜ் சேகரிப்பில், மாணவர்கள் கண்டெடுத்த ஆயிரக்கணக்கான ஃபேஜ்களோடு அதுவும் உறைநிலையில் இருந்தது. பல வருடம் கழித்து, லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட 15 வயது நோயாளி ஒருவருக்கு மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் தொற்று உடலெங்கும் பரவியது. மருந்துகள் பலன் தரவில்லை. அந்த நோயாளியின் பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ்களை அந்தச் சேகரிப்பில் தேடினார்கள். மூன்று கிடைத்தன. இரண்டை மரபணு மாற்றம் செய்தபிறகே நன்றாக வேலை செய்யவைக்க முடிந்தது. மடி இருந்தபடியே வேலை செய்தது. நோயாளியின் நிலை தேறியதை 2019இல் வெளியான கட்டுரை விவரித்தது.

எனவே ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும் கடைசி இரண்டு வாரத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள். அந்த இரண்டு வாரம் புதுச் சோதனை எதுவும் வேண்டாம். மைனஸ் 80 ஃப்ரீசரில் உங்கள் பெட்டியை எடுத்து, ஒவ்வொரு குழாயையும் பாருங்கள். "சாம்பிள் 3 புதுசு" என்று மட்டும் எழுதியிருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நீங்களே அடுத்த மாதம் மறந்துவிடுவீர்கள். உயிரினத்தின் பெயர், எங்கிருந்து எடுத்தது, தேதி, உங்கள் பெயர்ச் சுருக்கம், நோட்டின் பக்க எண் ஆகியவற்றைக் குளிரில் அழியாத மையில் எழுதுங்கள். பெட்டியின் எந்தக் கட்டத்தில் எது என்று ஒரு தாளில் வரைந்து, ஒரு பிரதியை மூடிக்குள்ளும் இன்னொன்றை நோட்டின் கடைசிப் பக்கத்திலும் ஒட்டுங்கள். கணினிக் கோப்புகளோடு, எந்தக் கோப்பு எதிலிருந்து வந்தது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். பிறகு உங்களுக்கு அடுத்து வரும் மாணவரை அழைத்து, அந்தத் தாளை மட்டும் கையில் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட குழாயை எடுத்துத் தட்டில் வளர்த்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறிப்பைத் திருத்தி எழுதுங்கள்.